ஓரத்தைக் காக்கும் அழகு



அலங்காரம் வீண் செலவு என்று சொல்லுகிறவர்கள் நம்மிடையே உண்டு. அலங்காரமே பெருமை என்று எண்ணுகிறவர்களும் உண்டு. ஆலயத்திற்கு வர்ணம் பூசும்போதும், வீட்டில் கலியாணம் வரும்போதும் இவ்விரு சாராருக்கும் வழக்கு எழுகிறது. இருவருக்கும் சொல்லத்தக்க ஒரு பதிலை, கையால் செய்யப்படும் கித்தாரின் ஓரத்தில் நான் காண்கிறேன். அதையே இவ்வாரம் உங்கள்முன் வைக்கிறேன்.

ஆராதனையில் வாசிக்கப்படும் கித்தாரைச் சற்று அருகில் சென்று பாருங்கள். முன்பலகையும் பக்கப்பலகையும் சந்திக்கிற விளிம்பைச் சுற்றி, வெண்மையாகவோ கருமையாகவோ ஒரு மெல்லிய பட்டை ஓடுவதைப் பெரும்பாலும் காண்பீர்கள். செய்கிறவர்கள் அதைப் பைண்டிங் என்பார்கள். நாம் ஓரப்பட்டை என்று சொல்லுவோம். மேப்பிள், ஈட்டி, கருங்காலி போன்ற மரங்களிலும், செல்லுலாய்டு முதலிய பிளாஸ்டிக்கிலும் அதைச் செய்கிறார்கள்.

இந்தப் பட்டையினால் இசை இனிமையாகிறதா? இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், மொராவிய சபையார் 1740ஆம் ஆண்டிலே குடியேற்றத்தைத் தொடங்கிய நாசரேத் என்னும் ஊர் இருக்கிறது. ஜெர்மனியின் சாக்சனியிலிருந்து 1833இல் புறப்பட்டுவந்த சி. எஃப். மார்ட்டின் என்னும் கைவினைஞர், 1830களின் இறுதியில் அவ்வூர்ப் பக்கம் வந்து குடியமர்ந்தார். அவர் பெயரால் இன்றும் அங்கே கித்தார்கள் உருவாகின்றன. அவற்றில் 15 என்னும் எளிய வரிசைக்கு உடலில் ஓரப்பட்டையே கிடையாது. ஆயினும் அவை நன்றாகவே பாடுகின்றன.

அதே பட்டறையின் 28 என்னும் வரிசையில், முன்பலகையின் ஓரப்பட்டையை ஒட்டி மீன்முள் போன்ற ஒரு சித்திரக் கோடு முற்காலத்தில் பதிக்கப்பட்டது. 1940களின் பிற்பகுதியில் அது நின்றுபோயிற்று. பின்பு அந்தப் பழைய கித்தார்களைத் தேடி அலைந்தவர்கள், அவற்றை அந்தக் கோட்டின் பெயராலேயே அழைத்தார்கள். ஆனால் அவர்கள் விரும்பிய ஓசை கோட்டிலிருந்து பிறந்ததன்று. முன்பலகையின் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டப்பட்டிருந்த மெல்லிய தாங்குகட்டைகளுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. அடையாளத்தைக் காரணம் என்று எண்ணிக்கொள்வது மனிதருக்கு எளிது. சபையின் வளர்ச்சியைக் கட்டடத்தின் முகப்பில் தேடுகிற நமக்கும் அது எளிது.

அப்படியானால் அந்தப் பட்டை எதற்கு? முன்பலகை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனமே உள்ளது. அதன் இழைகள் நீளவாக்கில் ஓடுகின்றன. மேல்தோளிலும் அடிப்பக்கத்திலும் பலகையை வளைவாக அறுக்கும்போது, அந்த இழைகள் குறுக்கே வெட்டுண்டு வாய்திறந்து நிற்கும். மழைக்காலத்து ஈரம் முதலில் நுழைவதும், கோடையில் உலர்ச்சி முதலில் தாக்குவதும் அவ்விடத்திலேயே. ஒரு நாற்காலியின் முனை இடித்தால் முதலில் சிதறுவதும் அதுவே. வாய்திறந்த அந்த ஓரத்தை ஓரப்பட்டை மூடுகிறது, இடியைத் தான் ஏற்றுக்கொள்ளுகிறது. அழகாகவும் இருக்கிறது.

நம்முடைய மொழியே இதை அறிந்திருக்கிறது. சேலைக்கும் கரை என்கிறோம், குளத்திற்கும் கரை என்கிறோம். ஒன்று அழகு செய்கிறது, மற்றொன்று காக்கிறது. நல்ல ஓரப்பட்டை இரண்டு கரைகளும் ஒன்றானது.

வேதாகமத்தை வாசிக்கிற நீங்கள் திரணை என்னும் சொல்லை அறிவீர்கள். உடன்படிக்கைப் பெட்டியைச் சுற்றிலும், சமுகத்தப்ப மேஜையைச் சுற்றிலும், தூபபீடத்தைச் சுற்றிலும் பெசலெயேல் பொன் திரணை செய்தான். அந்தப் பெட்டியோ, ஜனங்கள் எவரும் நுழையாத மகா பரிசுத்த ஸ்தலத்தில் இருந்தது. காண்பவர் கூட்டம் இல்லாத இடத்திலும் ஓரம் அழகாக முடிக்கப்பட்டது. உபாகமத்திலோ, புது வீடு கட்டுகிறவன் மேல்தளத்தின் ஓரத்தில் கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டும் என்ற கட்டளை இருக்கிறது, அங்கிருந்து ஒருவன் விழுந்துவிடாதபடிக்கு. ஓரம் அழகாகவும் இருக்கவேண்டும், ஒருவரைக் காக்கவும் வேண்டும். என் துணிபு இதுவே: எந்த அலங்காரம் பலவீனமான ஓரத்தைக் காக்கிறதோ அது வீணன்று. எது தன்னை மாத்திரம் காட்டிக்கொள்ளுகிறதோ அதற்காக நாம் செலவிடுவது நியாயமன்று.

இனி, அந்தப் பட்டை ஒட்டப்படும் விதத்தையும் கவனியுங்கள். விளிம்பைச் சுற்றிப் படிபோன்ற ஒரு பள்ளம் வெட்டுகிறார்கள். பக்கப்பலகையின் கனம் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். பள்ளமோ அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது. கூடு பிளந்துபோகாததற்குக் காரணம், உட்புற மூலையில் முன்னமே ஒட்டப்பட்டிருக்கும் மற்றொரு மரப்பட்டை. அதை வாசிக்கிறவரும் பார்ப்பதில்லை, கேட்கிறவரும் பார்ப்பதில்லை. வெளியே தெரிகிற பட்டை, உள்ளே தெரியாத பட்டையின்மேல் சாய்ந்திருக்கிறது. பண்டிகை ஆராதனை அழகாக நடந்தேறும்போது, முந்தின இரவு பாய்களை உதறி விரித்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

மரப்பட்டையானால் சூட்டினால் வளைத்து, முதலில் பசையின்றி வைத்துப் பார்க்கிறார்கள். பொருந்திய பின்னரே பசை பூசுகிறார்கள். பிறகு இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஒட்டுநாடாக்களை இழுத்து ஒட்டி, ஒரு நாள் அளவும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். செல்லுலாய்டு பட்டைக்கு அதன்பின்னும் பொறுமை வேண்டும். அதன் பசையில் உள்ள கரைப்பான் பட்டையை மிருதுவாக்கி உப்பச்செய்கிறது. அது முற்றிலும் ஆவியாகுமுன் அவசரப்பட்டுச் சுரண்டிச் சமமாக்கினால், அன்றைக்கு வழவழப்பாகத் தோன்றும். பின்பு பட்டை உலர்ந்து சுருங்கி, மரத்திற்குக் கீழே அமிழ்ந்துபோகும்.

சபைக்குப் புதிதாய் வந்தவர்களை நாம் நடத்தும் விதம் பலவேளைகளில் இப்படியே இருக்கிறது. சேர்ந்து இரண்டு மாதங்கள் ஆகுமுன்னே, எல்லாரையும்போலப் பேசவேண்டும், உடுத்தவேண்டும், ஜெபிக்கவேண்டும் என்று சுரண்டத் தொடங்குகிறோம். ஒட்டியது இன்னும் உலரவில்லை. புதிய மருமகளை முதல் மாதத்திலேயே நம் வீட்டு வழக்கத்திற்குச் சமமாக்க முயலுகிற குடும்பங்களுக்கும் இதைச் சொல்லுகிறேன். இறுகப் பற்றிக்கொள்ளுங்கள், ஆனால் சுரண்டாமல் காத்திருங்கள்.

மற்றொரு காரியம். செல்லுலாய்டு பல ஆண்டுகளில் சிறிது சிறிதாகச் சுருங்குகிறது. அப்போது பட்டை விலகுவது பெரும்பாலும் இடுப்புப் பகுதியிலே, அதாவது உடல் உள்நோக்கி வளைகிற இடத்திலே. சுருங்குகிற பட்டை நேராக நிமிரப் பார்க்கிறது. வளைவோ உள்ளே போகிறது. நடுவில் ஓர் இடைவெளி விழுகிறது. மனம் உடைந்து தங்களுக்குள்ளே ஒடுங்கிப்போனவர்களிடமிருந்து நாம் விலகுவதும் இவ்வாறே. சண்டையிட்டு விலகுகிறதில்லை. வருஷங்கள் செல்லச்செல்ல, நம்முடைய நேர்க்கோட்டில் நாம் போகிறோம். அவர்கள் உள்வளைவில் நின்றுவிடுகிறார்கள்.

ஆனாலும் பழுதுபார்க்கிறவர்கள் அதற்காகக் கித்தாரைத் தள்ளிவிடுவதில்லை. பட்டையை வேண்டிய தூரம் கவனமாக விடுவித்து, வளைவோடு சேர அழுத்தி மீண்டும் ஒட்டுகிறார்கள். நீளம் போதாமற்போனால், முனையில் அதே நிறத்தில் ஒரு சிறு துண்டைச் சேர்க்கிறார்கள். அந்த இணைப்புக் கூர்ந்து பார்த்தால் தெரியும். தெரிந்தால் என்ன? ஓரம் மூடப்பட்டுவிட்டது.

ஆகையால், அடுத்த முறை ஆலயத்திற்கோ வீட்டிற்கோ ஓர் அலங்காரத்தைத் திட்டமிடும்போது, அழகா என்று கேட்பதோடு நிறுத்தாமல், இது எவருடைய ஓரத்தைக் காக்கும் என்றும் கேளுங்கள். முதியோர் பற்றி ஏறுவதற்குப் படியோரம் வைக்கும் கைப்பிடி ஒரு திரணை. வேலைக்காரப் பெண்ணிடமும் மரியாதை குன்றாமல் பேசும் பேச்சு ஒரு திரணை. விதவையின் மகள் கலியாணத்திற்குச் சபையார் எடுத்துக்கொடுக்கும் நல்ல சேலையும் ஒரு திரணையே. அவற்றை மட்டமாகச் செய்யாதேயுங்கள். அழகாகவே செய்யுங்கள்.

இவ்வாரத்தில், பல நாளாக நீங்கள் காணச் செல்லாத ஒருவரின் வீட்டிற்குச் சென்றுவாருங்கள். ஆண்டவர் உங்களோடிருப்பாராக.