உங்கள் பாட்டி 1950 ஆகஸ்ட் 10 அன்று எங்கே இருந்தார்? ஒரு சாதிச் சான்றிதழுக்குப் பின்னால் இருக்கும் எல்லைக் கதை

ஒரு சின்ன பரிசோதனை. உங்கள் பாட்டியோ தாத்தாவோ 1950 ஆகஸ்ட் 10-ம் தேதி எந்த ஊரில் குடியிருந்தார்கள்? பதில் தெரியும் என்றால், அடுத்த கேள்வி: அதைக் காட்ட உங்கள் வீட்டில் ஒரே ஒரு காகிதமாவது இருக்கிறதா?

நம்மில் பலருக்கு இது சும்மா ஒரு குடும்பக் கதை. ஆனால் கேரள எல்லையோரத்தில், பாலக்காடு மாவட்டத்தின் முதலமடையிலோ இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளத்திலோ வாழும் தமிழ் தலித் குடும்பத்துக்கு அப்படி இல்லை. பிள்ளையின் கல்லூரி இடம், உதவித்தொகை, அரசு வேலை எல்லாமே இந்தக் கேள்விக்கான பதிலில் தொங்கிக்கொண்டிருக்கலாம்.

அந்தத் தேதியில் அப்படி என்ன?

பட்டியல் சாதிகள் எவை என்று சொல்லும் குடியரசுத் தலைவரின் ஆணை 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியானது. பழங்குடிகளுக்கான ஆணை அதே ஆண்டு செப்டம்பர் 6-ல் வந்தது. இந்தப் பட்டியல்கள் மாநில வாரியானவை. ஒரு சாதி 'இந்த மாநிலத்தைப் பொறுத்தவரை' பட்டியல் சாதி என்றுதான் அரசியலமைப்பின் 341-வது பிரிவு சொல்கிறது.

அப்படியானால், ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால்? மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990-ல் பதில் சொன்னது: பட்டியல் சாதித் தகுதி ஆளோடு சேர்ந்து எல்லை தாண்டாது. அதே பெயரில் அந்தச் சாதி புதிய மாநிலத்தின் பட்டியலில் இருந்தாலும் அங்கே சலுகை கிடைக்காது. 2018-ல் பீர் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் இதையே உறுதிசெய்தது.

ஆணைக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு என்ன கணக்கு? அந்தத் தேதியில் பெற்றோரின் நிரந்தர வசிப்பிடம் எதுவோ, அதுதான் என்கின்றன மத்திய அரசின் வழிகாட்டுதல்கள். பெற்றோரே 1950-க்குப் பிறகு பிறந்தவர்கள் என்றால் நடைமுறையில் தேடல் தாத்தா, பாட்டி வரை போகும். அதனால்தான் 2007-ல் பிறந்த ஒரு மாணவிக்கு 1950-ம் ஆண்டின் காகிதம் தேவைப்படுகிறது.

பூர்வீக மாநிலத்தில் சலுகை கிடைக்காதா? சட்டப்படி கிடைக்கும், மத்திய அரசு இடஒதுக்கீடும் உண்டு. ஆனால் பிறந்ததும் படித்ததும் கேரளத்தில், உறவு என்று சொல்ல தமிழ்நாட்டில் யாரும் இல்லை என்றால், அந்தப் பூர்வீகத்துக்கும் ஆதாரம் தேட வேண்டியிருக்கும். இரண்டு தாலுகா அலுவலகங்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும் அபாயம் இது.

ஆள் நகர்ந்தாரா, கோடு நகர்ந்ததா?

இப்போது வரைபடத்தைப் பாருங்கள். 1950-ல் கேரளம் என்ற மாநிலமே கிடையாது. கொல்லங்கோடு பக்கம் மெட்ராஸ் மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. பொள்ளாச்சி அதே மெட்ராஸ் மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டம். பக்கத்திலேயே இருக்கும் சித்தூர், பழைய கொச்சி ராஜ்யத்தின் பகுதி. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர். கொச்சியும் திருவிதாங்கூரும் 1949 ஜூலையில்தான் ஒன்றாகியிருந்தன.

அதாவது, 1952-ல் பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு பக்கம் பண்ணை வேலைக்குப் போன ஒருவர் மாநிலம் மாறவே இல்லை. ஒரு மாவட்டத்திலிருந்து பக்கத்து மாவட்டத்துக்குப் போனார், அவ்வளவுதான். 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை அவருக்குப் பின்னால் வந்து விழுந்தது. இன்று அவருடைய பேரப்பிள்ளை சான்றிதழ் கேட்டால், 'இப்போதைய கேரள எல்லைக்குள் அவர் எப்போது வந்தார்?' என்ற கேள்வி வருகிறது.

முதலமடையில் இந்த எல்லை எவ்வளவு சிக்கலானது என்பதற்கு ஓர் உதாரணம்: பரம்பிக்குளம் இந்த ஊராட்சியைச் சேர்ந்தது. ஆனால் சாலை வழியாக அங்கே போக தமிழ்நாட்டுக்குள் வந்து, சேத்துமடை வழியாகத்தான் போக வேண்டும். இதே முதலமடையில் உள்ள கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனி 2017-ல் தீண்டாமைப் புகார்களால் செய்தியானது. சாதி ஒடுக்குமுறைக்கு யாரும் குடிபெயர்ந்த தேதியைக் கேட்பதில்லை. அதற்கான பாதுகாப்பையும் சலுகையையும் கேட்கும்போதுதான் தேதி வருகிறது.

கப்பல் ஏறியவருக்குப் பட்டியல் உண்டு, நடந்து போனவருக்கு இல்லை

1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நடாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்கள் 1,52,184 பேர். இவ்வளவு துல்லியமாக எண்ணிக்கை தெரிவதற்குக் காரணம், கப்பல் பட்டியல்கள். பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. டர்பனில் இருக்கும் ஒருவர் தன் கொள்ளுத்தாத்தாவின் ஊரைத் தேடிக் கண்டுபிடிக்க வாய்ப்பு உண்டு.

போடியிலிருந்து மலையேறி மூணாறு எஸ்டேட்டுக்குப் போனவருக்கு அப்படி ஒரு வரி இல்லை. கங்காணி கூட்டிப்போனார், போனார்கள். 1932-ல் பாலக்காடு - பொள்ளாச்சி ரயில் பாதை வந்தது, முதலமடையிலும் ஸ்டேஷன் உண்டு. டிக்கெட் வாங்கியவரின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருக்குமே என்று நினைக்கலாம். 1951-ல் எடுத்தார்கள்தான். ஆனால் 1948-ம் ஆண்டுச் சட்டப்படி தனிநபர் விவரங்கள் ரகசியம். அவற்றைப் பார்க்கவும் முடியாது, நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்டவும் முடியாது.

எரிந்துபோன ஆவணத்துக்கு அயர்லாந்து என்ன செய்தது?

முன்னோரைத் தேடுவதில் உலகத்திலேயே அதிக ஆர்வம் காட்டுபவர்களில் ஐரிஷ் வம்சாவளியினரும் உண்டு. ஆனால் அவர்களுடைய ஆவணங்களும் முழுசாக இல்லை. 1922-ல் உள்நாட்டுப் போரின்போது டப்ளினின் ஆவணக் காப்பகம் எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி சாம்பலானது.

அதற்குப் பதிலாக அவர்கள் பயன்படுத்துவது, 1847-க்கும் 1864-க்கும் இடையில் வரி போடுவதற்காக எடுத்த 'கிரிஃபித் மதிப்பீடு'. நிலத்தின் சொந்தக்காரரோடு, குத்தகைக்கு இருந்தவரின் பெயரும் அதில் இருக்கிறது. 1901, 1911 கணக்கெடுப்புகளை வீட்டுக்கு வீடு இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். தாத்தாவோ பாட்டியோ அயர்லாந்தில் பிறந்ததை நிரூபித்தால், வெளிநாட்டில் பிறந்த பேரப்பிள்ளை ஐரிஷ் குடியுரிமை பெற முடியும்.

நம் நில ஆவணங்களில் முக்கியமாக இருப்பது பட்டாதாரரின் பெயர். நிலமே இல்லாத கூலிக்காரர் அதில் எங்கே வருவார்? எஸ்டேட் லயத்து வீடு கம்பெனியுடையது, தொழிலாளி பெயரில் இல்லை. பள்ளிப் பதிவேட்டில் வர, பள்ளிக்குப் போயிருக்க வேண்டும். யாருக்கு இந்தச் சான்றிதழ் அதிகம் தேவையோ, அவர்கள் பெயர்தான் ஆவணங்களில் குறைவு.

தேவிகுளம் வழக்கு காட்டியது

2021-ல் தேவிகுளம் தனித்தொகுதியில் வென்ற சிபிஎம் வேட்பாளர் ஏ. ராஜாவின் வழக்கில் இது நாடு முழுக்கத் தெரிந்தது. அவர் கிறிஸ்தவரா, இந்து பறையரா என்பது ஒரு கேள்வி. குடும்பம் 1950-க்கு முன்பே கேரளப் பகுதிக்கு வந்துவிட்டதா என்பது இன்னொன்று. தேவாலயப் பதிவேடுகள் உட்பட ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் காகிதங்கள் நீதிமன்றத்தில் அலசப்பட்டன. 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளி, அவருடைய வெற்றியை உறுதிசெய்தது.

ஒரு எம்.எல்.ஏ.வால் இரண்டு நீதிமன்றங்கள் வரை போக முடிந்தது. பிளஸ் டூ முடித்து, விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்குள் சான்றிதழ் கொடுக்க வேண்டிய மாணவிக்கு அந்த வசதி இல்லை.

உங்கள் குடும்பத்துக்குத் தேட வேண்டுமானால்

- பள்ளி: குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்குப் போனவர் யார் என்று கேளுங்கள். சேர்க்கைப் பதிவேட்டில் தந்தை பெயரோடு பிறந்த தேதியும் சாதியும் இருக்கும்.
- எஸ்டேட்: செக்ரோல், பி.எஃப்., கிராஜுவிட்டி காகிதங்களில் வேலைக்குச் சேர்ந்த தேதியைப் பாருங்கள்.
- பிறப்பு, இறப்புப் பதிவு: அப்போது அந்த ஊர் எந்த ராஜ்யம், எந்த மாவட்டம் என்று முதலில் உறுதிசெய்யுங்கள்.
- தேவாலயம்: ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவேடுகள். வசிப்பிடத்தைக் காட்டும். ஆனால் தேவிகுளம் வழக்கில் நடந்ததுபோல, மதம் பற்றிய கேள்வியையும் எழுப்பலாம்.
- காப்பகங்கள்: மலபார் என்றால் கோழிக்கோடு மண்டலக் காப்பகமும் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும். கொச்சிக்கு எர்ணாகுளம், திருவிதாங்கூருக்குத் திருவனந்தபுரம்.

பெயர் ஒரே மாதிரி இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். தமிழ்ப் பெயரை மலையாளத்தில் எழுதி, அதை ஆங்கிலத்துக்கு மாற்றும்போது ஒருவரே மூன்று பேராகிவிடுவார். எல்லா வடிவங்களையும் குறித்து வையுங்கள்.

தனிநபர்கள் தேடுவது ஒரு பக்கம். இந்த ஆவணங்களை எண்ணிமமாக்கித் திறந்துவிடுவதும், 1956-க்கு முன் ஒரே மாநிலத்துக்குள் நகர்ந்தவர்களைத் தனியாகக் கணக்கில் எடுப்பதும் அரசுகள் செய்யக்கூடிய வேலை. 1950-ல் பத்து வயதாக இருந்தவருக்கு இப்போது எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். ஊர், எஸ்டேட், கங்காணி, வாத்தியார் என்று அவர் சொல்லும் பெயர்களை எழுதி வையுங்கள். எந்தப் பதிவேட்டைத் தேடுவது என்பது அங்கிருந்துதான் தெரியவரும்.