உக்கடம் குளத்து அலையும் உங்கள் பிள்ளையின் கண்ணும்

உக்கடம் பெரியகுளத்துக் கரையில் ஒரு சாயங்காலம். பிளஸ் டூ படிக்கிற பக்கத்து வீட்டுப் பையன் என்னோடு நடந்து வந்தான். மறுநாள் பிசிக்ஸ் பரீட்சையாம். "அலைமுகப்புன்னா என்ன தம்பி?" என்று கேட்டேன்.

"அலையில ஒரே கட்டத்துல அதிர்ற புள்ளிகளை எல்லாம் இணைக்கிற பரப்புதானுங்க!" மூச்சு விடாமல் ஒப்பித்தான்.

சபாஷ் சொல்லிவிட்டு, ரோட்டில் வந்த பஸ்ஸைக் காட்டினேன். "அது பொள்ளாச்சி பஸ்ஸா, பழனி பஸ்ஸா?"

கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்தான். "போர்டு தெரியலீங்க..."

என் ஆதங்கமே இதுதான். மார்க்குக்காக மனப்பாடம் செய்கிற அலைமுகப்பு, தன் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை. பெற்றோருக்கும் தெரியவில்லை.

குளத்தில் ஒரு கல்லைப் போடுங்கள். வட்ட வட்டமாக அலை விரிகிறதல்லவா? ஒவ்வொரு வட்டமும் ஓர் அலைமுகப்பு. கல் விழுந்த இடத்துக்குக் கிட்டே வட்டம் சின்னது, வளைவு அதிகம். தூரம் போகப் போக வளைவு குறைந்து, கரையைத் தொடும்போது கிட்டத்தட்ட நேர்கோடாகிவிடுகிறது. ஒளியும் இப்படித்தான் பரவுகிறது என்று 1690-லேயே புத்தகம் எழுதி வெளியிட்டார் ஹாலந்து விஞ்ஞானி ஹைகென்ஸ்.

தூரத்து பஸ் போர்டிலிருந்து வரும் அலைமுகப்பு ஏறக்குறையத் தட்டையாக நம் கண்ணுக்கு வருகிறது. நல்ல கண் அதை வளைத்து, விழித்திரையில் புள்ளியாகக் குவிக்கும். கிட்டப்பார்வை உள்ள கண் பெரும்பாலும் சற்று நீண்டிருக்கும். அதனால் விழித்திரைக்கு முன்னாலேயே ஒளி குவிந்துவிடும். மைனஸ் கண்ணாடி என்ன செய்கிறது? அலைமுகப்பைக் கொஞ்சம் விரித்துவிட்டு உள்ளே அனுப்புகிறது. அவ்வளவுதான்!

டாக்டர் சீட்டில் எழுதுகிற 'பவர்' இந்த வளைவின் கணக்குதான். ஒரு மீட்டர் தூரத்துப் பொருள் என்றால் வளைவு 1 டயாப்டர். அரை மீட்டர் என்றால் 2. கால் மீட்டரில் செல்போனைப் பிடித்தால் 4! நல்ல கண்ணாக இருந்தாலும் அந்த நாலையும் உள்ளே இருக்கும் தசைதான் சமாளிக்க வேண்டும். மைனஸ் 2 உள்ள பிள்ளைக்கோ, கண்ணாடி இல்லாவிட்டால் அரை மீட்டருக்கு அப்பால் எல்லாமே மங்கல். கரும்பலகை எங்கே தெரியும்?

"கண்ணாடி போட்டா பவர் ஏறிக்கிட்டே போகுமாமே?" என்று அந்தப் பையனின் அம்மா கேட்டார். தவறுங்க. வளர்கிற வயதில் கண்ணும் நீள்வதால் பவர் ஏறுகிறது. பழி மட்டும் கண்ணாடி மேல்!

"வேவ்ஃபிரன்ட் லேசர்னு விளம்பரம் வருதே, அதைப் பண்ணிரலாமா?" என்பது அடுத்த கேள்வி. வேவ்ஃபிரன்ட் என்றால் இதே அலைமுகப்புதான். கண்ணிலிருந்து திரும்பி வரும் ஒளியின் அலைமுகப்பு எங்கெங்கே கோணியிருக்கிறது என்று கருவியால் அளக்கிறார்கள். மனிதக் கண்ணை இந்த முறையில் அளந்து, ஜெர்மனி விஞ்ஞானிகள் 1994-ல் கட்டுரை வெளியிட்டார்கள். அருமையான கண்டுபிடிப்பு. ஆனால், சாதாரணப் பவர் உள்ள பெரும்பாலோருக்குக் கண்ணாடியே போதும். பதினெட்டு வயதாகாமல், பவர் ஒரு நிலைக்கு வராமல் லேசருக்கு அவசரப்படக் கூடாது. கருவிழி மெலிந்து கூம்பி வருகிறவர்களுக்கு அது ஆபத்து. விளம்பரத்தைப் பார்த்து முடிவெடுக்காமல், டாக்டரிடம் இதையெல்லாம் கேளுங்கள்.

காசில்லாத வைத்தியம் ஒன்றும் உண்டு. சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகளில், தினமும் 40 நிமிடம் கூடுதலாகப் பிள்ளைகளை வெளியே விட்டார்கள். மூன்று வருடத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30 சதவீதம்; அப்படி விடாத பள்ளிகளில் 40 சதவீதம். 2015-ல் வெளியான ஆய்வு இது. டியூஷனுக்கு நேரம் ஒதுக்குகிற நாம், வெயிலும் காற்றும் பட விளையாட அதில் பாதியாவது ஒதுக்கக் கூடாதா?

இன்றைக்கே பிள்ளையைக் கரைக்குக் கூட்டிப் போங்கள். ஒரு கண்ணை மூடி, பஸ் போர்டைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு அடுத்த கண். ஒன்றில் தடுமாறினாலும், பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப் போடாமல் கண் டாக்டரைப் பாருங்கள்!