கூரையில் ஏறுவது யார்?

சென்னை மெரினாவில் உள்ள ராணி மேரிக் கல்லூரி வளாகத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்டப்போவதாக 2003-இல் தமிழக அரசு அறிவித்தது. 1914-இல் தொடங்கிய அந்தக் கல்லூரிதான் சென்னை நகரின் முதல் மகளிர் கல்லூரி. மாணவிகள் வளாகத்தை விட்டு நகர மறுத்தார்கள். ஆதரவு சொல்ல உள்ளே போன மு.க. ஸ்டாலின் கைதானார். கடைசியில் அரசு பின்வாங்கியது.

பலரும் கதையை இந்த இடத்தில் முடித்துவிடுவார்கள். புத்தளம் மாவட்டத்து எலுவன்குளத்துக்காரரான நமக்கு வேண்டிய பாடம் அதற்குப் பிறகுதான் இருக்கிறது. அந்தக் கல்லூரி முதன்முதலில் இயங்கிய கேப்பர் இல்லம் பின்னாளில் பழுதடைந்து இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் இன்று புதுக் கட்டடம் நிற்கிறது. வளாகத்தைக் காப்பாற்றத் திரண்ட அக்கறை, அதன் மூத்த கட்டடத்தின் கூரைவரை போய்ச் சேரவில்லை.

நமது கரையோரப் பாடசாலைகளின் பழைய கட்டடங்களும் அப்படித்தான் போகின்றன. அரைச்சுவர் எழுப்பி, மேலே ஓடு வேய்ந்து, கடற்காற்று நேரே உள்ளே வந்து போகும்படி கட்டிய வகுப்பறைகள் அவை. ஒரு மாரியில் ஓர் ஓடு விலகுகிறது. தண்ணீர் சுவருக்கு மேலே கிடக்கும் வளையில் சொட்டுகிறது. நனைந்த மரத்துக்குக் கறையான் வருகிறது. கைமரத்தின் நுனி உக்கி, கூரை ஒரு பக்கம் தாழ்கிறது. அடுத்த மழைக்குப் பிள்ளைகளை வேறு வகுப்புக்கு மாற்றுகிறார்கள். பூட்டிய அறையில் உடைந்த மேசைகள் குவிகின்றன. சில வருடங்களில் யாரோ வந்து பார்த்து, பாவனைக்கு உதவாதது என்று எழுதிவிட்டுப் போகிறார். அப்போதுதான் ஊர் கொதிக்கிறது. ஓடு விலகிய அன்று இந்தக் கொதிப்பில் நூறில் ஒரு பங்கு இருந்திருந்தால் ஏணியும் இரண்டு ஓடும் போதுமாக இருந்திருக்கும்.

இடிக்கச் சொல்பவர்களைப் பகைவர்களாகப் பார்க்கவும் கூடாது. 2021 டிசம்பர் 17-இல் திருநெல்வேலி சாஃப்டர் பள்ளியில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன்பிறகு தமிழகம் முழுவதும் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். பிள்ளையின் உயிரை விடப் பெரிய பாரம்பரியம் எதுவுமில்லை. அதில் இரண்டு பேச்சுக்கு இடமே கிடையாது. ஆனால் பொறியியலாளர் பார்த்துச் சொன்ன ஆபத்து வேறு, பார்வைக்குப் பழசாகிவிட்டது என்பதற்காகச் சொல்லும் ஆபத்து வேறு. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் ஈரத்தை வெளியே விட்டுக் காயும். அதன்மேல் சீமெந்து பூசினால் உப்பும் ஈரமும் உள்ளேயே அடைபட்டு, சுவர் பொருக்குத் தட்டும். நாம் செய்த திருத்தத்தால் கெட்ட சுவரை, வயதால் கெட்டதென்று சொல்லி இடிக்கிறோம். புதிதாக எழும் கொங்கிறீட்டும் கடலோரத்தில் சாகாவரம் பெற்றதல்ல. உப்புக்காற்றில் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்து, மேற்பூச்சைத் தள்ளிவிடும். பராமரிக்கத் தெரியாத ஊருக்குப் புதுக் கட்டடமும் கொஞ்ச நாளைக்குத்தான்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருப்பதும் வீண். இலங்கையின் 1940-ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச்சட்டம் கோடு கிழித்திருப்பது 1815 மார்ச் 2-இல், கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாளில். அதற்குப் பிந்திய கட்டடத்துக்குப் பாதுகாப்பு தானாக வராது, அரசு தனியாக அறிவிக்க வேண்டும். நமது பாடசாலைகள் பெரும்பாலும் அந்தக் கோட்டுக்கு இப்பால் உள்ளவை. ஆகவே பொறுப்பு நம் மடியில் விழுகிறது.

நம் என்று சொல்வது அதிபரையும் ஆசிரியர்களையும் மட்டுமல்ல. கலா ஓயா பெருகி, எலுவன்குளம் சப்பாத்துப் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாயும் நாட்களை இந்தப் பக்கத்தார் அறிவார்கள். வீட்டுக்குள் வெள்ளம் வந்தால் சனம் பாயையும் பானையையும் தூக்கிக்கொண்டு போவது பாடசாலைக்குத்தான். தேர்தல் வந்தால் அதுவே வாக்களிப்பு நிலையம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் புத்தளத்துக்கு வந்தபோது இந்த மாவட்டத்தின் பாடசாலைகளும் பள்ளிவாசல்களும் அவர்களுக்குக் கூரையாயின. தமிழர், முஸ்லிம், சிங்களவர், கத்தோலிக்கர் என்று எல்லோரும் ஏதோ ஒரு நாள் ஒதுங்கிய திண்ணையைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் தலையில் மட்டும் கட்டிவிடுவது நியாயமா?

பாடசாலைத் தோட்டத்துக்கும் இதே பேச்சுத்தான். 2022-இல் அரிசிக்கும் மரக்கறிக்கும் நாடு அல்லாடியபோது, வீட்டில் பயிர்செய்யச் சொல்லி அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறையே கொடுத்தார்கள். முருங்கையும் கத்தரியும் நட்ட பாடசாலைத் தோட்டங்களை எல்லோரும் மெச்சிய காலம் அது. நெருக்கடி தணிந்ததும் வேலி சரிந்தது, மாடு புகுந்தது. இன்று அவை வெறுங்காணி. வெறுங்காணி என்று பெயரெடுத்த நிலத்தில் அடுத்ததாகக் கட்டடம்தான் வரும்.

நியூயோர்க்கில் 1999-இல் நடந்தது இதற்குப் பொருந்தும். பாழ்நிலங்களில் அயலவர்கள் வளர்த்த நூற்றுக்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்களை நகர முதல்வர் ஜூலியானி ஏலத்தில் விற்கப் புறப்பட்டார். மக்கள் எதிர்த்தார்கள். நடிகை பெட் மிட்லரின் அமைப்பும் இன்னோர் அறக்கட்டளையும் அவற்றை வாங்கிக் காப்பாற்றின. எனக்கு அந்த வெற்றியை விட, அங்கே நகர நிலத்தில் உள்ள தோட்டங்களுக்கு இருக்கும் நிபந்தனைதான் பெரிதாகப் படுகிறது: பருவகாலத்தில் வாரத்தில் குறிப்பிட்ட மணிநேரம் படலையைத் திறந்து வைத்து, வழியால் போகிறவரையும் உள்ளே விட வேண்டும். ஆள் நடமாடும் தோட்டத்தை வெறுங்காணி என்று யாரும் எழுத முடியாது.

வடகீழ்ப் பருவமழைக்கு முன்னால், ஒவ்வொரு செப்டெம்பரிலும் ஒரு சனிக்கிழமையைக் குறித்துவைப்போம். பள்ளிவாசல் நிர்வாகமும் கோயில் சபையும் தேவாலயச் சபையும் ஆளுக்கொரு மேசனையோ தச்சனையோ அனுப்பட்டும். பழைய மாணவர்கள் ஓட்டுக்கும் மரத்துக்கும் பணம் சேர்க்கட்டும். அந்தப் பணத்தில் நுழைவாயில் வளைவும் பெயர்ப்பலகையும் வேண்டாம். தோட்டத்தின் ஒவ்வொரு பாத்தியையும் பாடசாலைக்கு வெளியே உள்ள ஒரு குடும்பமும் ஒரு வகுப்பும் சேர்ந்து பார்க்கட்டும், விளைவதைப் பங்கிட்டுக்கொள்ளட்டும். விடுமுறைக் காலத்தில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல்தான் பாதித் தோட்டங்கள் சாகின்றன.

வலயக் கல்விப் பணிமனையிடம் கேட்பதற்கு ஒன்று உண்டு. எந்தக் கட்டடத்தையும் இடிக்கத் தீர்மானிக்கும் முன், பொறியியலாளரின் அறிக்கையையும் திருத்தினால் ஆகும் செலவையும் பாடசாலை அறிவித்தற் பலகையில் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டட்டும். ஊர் அதைப் படித்துப் பேச ஒரு மாதம் கொடுக்கட்டும். திருத்த வழியில்லை என்று அந்த அறிக்கை சொன்னால் நாமே முன்னின்று இடிப்போம். வழியுண்டு என்று சொன்னால் ஏணியோடு வருவோம்.