விழாவின் பெயர் எவர் மொழியில்?

காற்றுக்கு வேலி கட்டுவார் இலர். நாட்டுக்கு நாடு உணவு நுழையும், உடை நுழையும், விழாவும் நுழையும். நுழைவன எல்லாவற்றையும் தடுத்து நிறுத்த எந்த இனத்தாலும் இயன்றதில்லை. ஆனால், நுழைந்த ஒன்றுக்கு என்ன பெயரிடுவது என்னும் உரிமை மட்டும் அவ்வினத்தின் கையிலேயே இருக்கிறது. அவ்வுரிமையை வாயிலில் நின்று விழிப்போடு காத்த ஓர் இனம், அதனையே தன் வீட்டு முற்றத்தில் நழுவவிட்ட செய்தியொன்றை இத்திங்கள் நம் அன்பர்கள் முன் வைக்கின்றோம். அவ்வினம் சீன இனம். அச்செய்தி அவர்தம் காதல் விழாக்களைப் பற்றியது.

காதல் விழாவைப் பற்றி இவ்விதழில் எழுதுவதா என்று முகஞ்சுளிப்பாரும் இருக்கலாம். காதலுக்கு 'அகம்' என்று பெயரிட்டுத் திணையும் துறையும் வகுத்து, தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் அதற்கு இலக்கணமும் கண்ட ஓர் இனத்துக்கு அது நாணத்தக்க பொருளன்று. எச்சொல்லால் அதனைச் சொல்கிறோம் என்பதிலேதான் நாணுவதற்கும் பெருமிதங் கொள்வதற்கும் இடமிருக்கிறது.

மேலை நாட்டார் பிப்ரவரி 14-ஆம் நாளை வாலண்டைன் என்னும் கிறித்தவத் தூயர் ஒருவரின் பெயரால் காதலர்க்குரிய நாளாகக் கொண்டாடி வருகின்றனர். 1978-க்குப் பின்னர்ச் சீனம் தன் வணிகக் கதவுகளை வெளியுலகுக்குத் திறந்தபொழுது, அந்நாளும் சரக்கோடு சரக்காக அந்நாட்டு நகரங்களுக்குள் புகுந்தது. சிவந்த ரோசா மலர்கள் வந்தன. இனிப்புப் பேழைகள் வந்தன. வாழ்த்து மடல்கள் வந்தன. அத்தூயரின் பெயர் மட்டும் மக்கள் வழக்கில் ஏறவில்லை! சீனர் அந்நாளுக்குச் 'சிங்ரென்சியே' என்று தம் மொழியிலேயே பெயரிட்டனர். 'சிங்' என்பது உள்ளத்து அன்பு. 'ரென்' என்பது மாந்தர். 'சியே' என்பது விழா. மூங்கிலின் கணுவைக் குறிக்கும் சொல்லே ஆண்டின் கணுவாகிய விழாவையும் அம்மொழியில் குறிக்கின்றது. வந்த விழா அயலது; வழங்கும் பெயரோ அவர்களது.

இஃது ஒருநாள் கூத்தன்று; அவ்வினத்தின் நெடுநாள் வழக்கம். தொலைபேசி சீனத்துக்குள் புகுந்த காலத்தில் அதனை ஆங்கில ஒலியைத் தழுவித் 'தெலூபெங்' என்று சொல்லிப் பார்த்தனர். அச்சொல் நிலைக்கவில்லை. 'தியன்குவா', அஃதாவது 'மின்பேச்சு' என்னும் சொல்லே நிலைத்தது. அச்சொல்லைச் சீன எழுத்துகளைக் கொண்டு முதலில் ஆக்கியவர் சப்பானியர் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. கணிப்பொறி அவர்களுக்கு 'மின்மூளை', திரைப்படம் 'மின்நிழல்', தொடர்வண்டி 'நெருப்பு வண்டி'. அவர்தம் எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பொருளைச் சுமந்து நிற்பது. எனவே, பொருளற்ற அயலொலிகளை எழுத்துகளில் அடுக்குவது அவர்கட்கு இயல்பாக வருவதில்லை. காப்பி, சோபா போன்ற சில சொற்கள் ஒலியளவில் புகுந்துள்ளன என்பதும் உண்மையே. ஆயினும், அவை வெள்ளத்தில் மிதக்கும் சில துரும்புகளே அன்றி வெள்ளமே அல்ல.

பெயர் மட்டுமா? அக்காதலர் ஒருவர்க்கொருவர் எதனைக் கொடுப்பது, எதனைக் கொடுக்கலாகாது என்பதைக் கூட அவர்தம் மொழியே முடிவு செய்கின்றது. காதலிக்குக் குடை கொடுத்தல் ஆகாது. ஏனெனில், குடையைக் குறிக்கும் 'சான்' என்னும் சொல், பிரிந்து சிதறுதலைக் குறிக்கும் சொல்லோடு ஏறத்தாழ ஒத்தொலிக்கிறது. கடிகாரம் கொடுத்தலும் ஆகாது. 'கடிகாரத்தைப் பரிசளித்தல்' என்னும் தொடர் 'இறுதிக் கடன் ஆற்றுதல்' என்னும் தொடராகவே செவியில் விழும். ஒரே பேரிக்காயை இருவர் பகிர்ந்துண்ணலும் ஆகாது. 'பேரிக்காயைப் பங்கிடல்' என்பதும் 'பிரிந்து போதல்' என்பதும் அவர்கட்கு ஒரே ஒலி.

இற்றை இளைஞர் இதனினும் ஒருபடி மேலே சென்றுவிட்டனர். 'வோ ஆய் நி' என்றால் சீனத்தில் 'நான் உன்னைக் காதலிக்கிறேன்' என்பது பொருள். 5, 2, 0 என்னும் எண்களைச் சீனத்தில் 'வூ அர் லிங்' என ஒலிப்பர். இரண்டும் ஓரளவு ஒத்தொலிக்கவே, 520 என்று எண்ணால் எழுதியே தம் காதலை உணர்த்துகின்றனர். அதனால் மே 20-ஆம் நாளும் அங்கு ஒரு காதலர் நாளாகிவிட்டது. அன்றைக்குத் திருமணப் பதிவு அலுவலகங்களில் இணையர் திரள்கின்றனர். அதனோடு 1314 என்பதையும் சேர்த்தெழுதினால் 'வாழ்நாள் முழுதும்' என்று பொருள்படும். இவை விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால், இவ்விளையாட்டில் கலந்துகொள்ள வேண்டுமானால் ஒருவன் சீன மொழியிலேதான் எண்ணியாதல் வேண்டும். ஆங்கிலம் மட்டும் அறிந்தவனுக்கு 520 என்பது வெறும் எண்ணே. இரவல் பெற்ற நாளினின்று தங்களுக்கென ஒரு புதுநாளையே ஈன்றெடுக்கும் ஆற்றல் அம்மொழிக்கு இருந்தது. இதுவரை சொன்னவை நாம் பாராட்டத் தக்கவை.

இனி, நாம் வருந்தத் தக்க பகுதிக்கு வருவோம்.

சீனரின் நிலவுக் கணக்கில் ஏழாந் திங்கள் ஏழாம் நாள் 'சீசி' என்னும் விழா. 'ஏழாம் இரவு' என்பது அச்சொல்லின் பொருள். பெரும்பாலும் ஆகசுட்டுத் திங்களில் அது வரும். அவ்விரவில் வானத்தை நோக்கின் மேலை நாட்டார் வேகா என்றும் ஆல்டயர் என்றும் வழங்கும் இரண்டு ஒளிமிகு விண்மீன்கள் தோன்றும். சீனர்க்கு வேகா ஒரு நெசவுப்பெண். ஆல்டயர் ஒரு மாட்டிடையன். வானத்தில் முகில்களை நெய்துகொண்டிருந்த அப்பெண் மண்ணுக்கு வந்து அவ்விடையனை மணந்து இரண்டு குழந்தைகளையும் ஈன்றாள். விண்ணரசி சினந்து அவளை மீட்டுச் சென்றாள். தோளில் ஒரு தண்டைத் தாங்கி, அதன் இருபுறக் கூடைகளிலும் குழந்தைகளை வைத்துத் தூக்கிக்கொண்டு இடையன் அவர்களைத் துரத்தினான். விண்ணரசி தன் கொண்டை ஊசியைப் பிடுங்கி வானில் ஒரு கோடிழுத்தாள். அக்கோடு 'வெள்ளியாறு' ஆகி இருவரையும் பிரித்தது. ஆண்டுக்கொருமுறை, அந்த ஏழாம் இரவில் மட்டும், நம் நாட்டு வால்காக்கைக்கு உறவான ஒருவகைப் பறவைகள் கூட்டமாகப் பறந்து சென்று ஆற்றின்மேல் தம் உடலாலேயே பாலம் அமைக்கின்றன. அப்பாலத்தில் இருவரும் கூடுகின்றனர். அன்று மழை பெய்தால் அஃது அவர்தம் கண்ணீர். திராட்சைக் கொடிப் பந்தலின் கீழ் அமர்ந்து கேட்டால் அவர்கள் பேசும் மெல்லிய பேச்சு செவியில் விழும் என்பது நாட்டுப்புற நம்பிக்கை.

இவ்விரு மீன்களின் பெயர்கள் ஈராயிரத்தைந்நூறு ஆண்டுப் பழமையுடைய சீனப் பாடற்றொகையிலேயே இடம்பெற்றுள்ளன. ஆயினும், சீசி விழா முதற்கண் காதலர் விழாவாக இருந்ததில்லை. அது கன்னியர் விழா. அவ்விரவில் கன்னியர் முற்றத்தில் கனிகளைப் படைத்து, நிலவொளியில் ஊசிகளில் நூல் கோப்பர். தடங்கலின்றிக் கோத்தவள் கைத்திறம் பெற்றவள். சிலந்தியைப் பேழையில் அடைத்து வைத்து, விடியலில் அது பின்னிய வலையைக் கொண்டும் தம் திறத்தை அளப்பர். நெசவுப்பெண்ணிடம் அவர்கள் வேண்டியது காதலனை அன்று, கைத்திறத்தை. அதனால் அவ்விழாவுக்குத் 'திறம் வேண்டல்' என்றும் ஒரு பெயர் உண்டு. ஆண்டுக்கொரு நாள் கூடுவதற்காகப் பிற நாள்களெல்லாம் பொறுத்திருந்து உழைக்கும் உறுதிதான் அக்கதையின் உயிர்.

2006-ஆம் ஆண்டில் சீன அரசு சீசி விழாவை நாட்டின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. அது நல்ல செயல். ஆனால், வணிகரும் செய்தித் தாளினரும் அவ்விழாவை மக்களிடம் எப்பெயரால் கொண்டு சென்றனர்? 'சீனக் காதலர் நாள்' என்னும் பெயரால்! அஃதாவது, பிப்ரவரி 14 தான் மூலம். சீசி அதன் சீனப் படி. ஈராயிரம் ஆண்டு மூத்த பாட்டியை, நேற்று வந்த விருந்தாளியின் பெயரைச் சொல்லி 'அவரைப் போன்றவர் இவர்' என்று ஊராருக்கு அறிமுகப்படுத்துவதை ஒக்கும் இது! பெயர் மாறவே பொருளும் மாறலாயிற்று. ஊசியும் நூலும் ஒதுங்கின. ரோசாவும் இனிப்புப் பேழையும் முன்வந்தன. இதில் கசப்பான வேடிக்கையொன்றும் உண்டு. 'திறம் வேண்டல்' என்பதில் திறத்தைக் குறிக்கும் எழுத்து 'சியாவ்'. சாக்லேட்டைச் சீனர் ஒலியளவில் 'சியாவ்கெலி' என்று எழுதுவர். அதன் முதலெழுத்தும் அதே எழுத்துத்தான். அன்று கன்னியர் விண்மீனிடம் கைகூப்பி வேண்டிய திறம், இன்று கடையில் காசுக்கு விற்கும் இனிப்பின் பெயருக்கு ஒலி கொடுத்து நிற்கிறது!

சீன அறிஞரிடையே இதற்கு மறுப்பு எழாமல் இல்லை. சீசியைக் காதலர் நாள் என்பது அதன் பழம்பொருளைச் சிதைப்பதாகும் என்றனர் சிலர். 'சிங்ரென்' என்னும் சொல்லே பொருந்தாது என்றனர் வேறு சிலர். ஏனெனில், காதலரைக் குறிக்கும் அச்சொல் பேச்சு வழக்கில் மணவுறவுக்குப் புறம்பான கள்ளத் துணையையும் சுட்டும். ஆண்டுக்கொரு நாளுக்காகக் காத்திருக்கும் கணவன் மனைவியரை அச்சொல்லால் குறிப்பது இழுக்கன்றோ என்பது அவர்தம் கேள்வி. வள்ளுவப் பெருமான் மூன்றாம் பாலுக்குச் சூட்டிய 'காமம்' என்னும் உயரிய சொல்லைத் தெருச்சொல்லாக்கிவிட்டு விழிக்கின்ற நமக்கு அவ்வறிஞர்தம் வருத்தம் நன்கு விளங்கும்.

அதே சீனம்தான் மற்றோரிடத்தில் தலைநிமிர்ந்து நின்றது. நிலவின் மறுபுறம் இறங்கும் கலத்தோடு நிலவுலகிலிருந்து நேரே பேச இயலாது. நிலவே இடையில் மறைக்கும். அதற்காக 2018-ஆம் ஆண்டு மே திங்களில் இடைநின்று செய்தி கடத்தும் செயற்கைக்கோள் ஒன்றை அந்நாடு செலுத்தியது. அதற்கு இட்ட பெயர் யாது? அந்தப் பறவைப் பாலத்தின் பெயர்! பிரிந்தாரை இணைக்கும் பாலத்தின் பெயர், பிரிந்த கலத்தை இணைக்கும் கோளுக்கு ஆயிற்று. அதன் துணையோடு 2019 சனவரியில் நிலவின் மறுபுறத்தில் மாந்தர் செய்த கலம் முதன்முறையாக இறங்கியது. பழங்கதை பழங்கதையாகவே கிடக்கவில்லை. அறிவியலின் முன்வரிசையில் வந்து நின்றது. தம் பெயரை மெய்யாகவே பேணுவது எப்படி என்பதற்கு இதுவே சான்று. ஓரினம் தன் சொல்லைக் காட்சிப்பேழையில் பூட்டி வைத்துக் காப்பதில்லை. புதுப்பொருளின்மேல் பொறித்தே காக்கிறது.

அன்பர்களே, இனி நம் முற்றத்தைப் பார்ப்போம். இடையனாகிய அவ்வால்டயர் மீனின் இருமருங்கும் இரு சிறு மீன்கள் ஒரே வரிசையில் நிற்கும். அவையே கூடைகளில் அமர்ந்த குழந்தைகள் என்பர் சீனர். திருவோணம் என இன்று நாம் வழங்கும் அம்மீன்களுக்கு 'முக்கோல்' என்னும் தமிழ்ப்பெயர் நம் அகரமுதலிகளில் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அப்பெயரைச் சொல்லி வானத்தைச் சுட்டிக் காட்டியிருக்கிறோம்? வெள்ளியாறு என்று சீனர் சொல்வதை நாம் பால்வழி என்கிறோம். அதுவும் மேலையர் பெயரின் நேர்பெயர்ப்பே.

பிப்ரவரி 14 நம் நகரங்களுக்கும் வந்துவிட்டது. அதனைக் கொண்டாடுவதும் விடுவதும் அவரவர் விருப்பம். ஆயின், நம் இளைஞர் பலர் அதனை ஆங்கிலப் பெயராலேயே வழங்குகின்றனர். தமிழில் சொல்ல விழைவாரும் 'காதலர் தினம்' என்று பாதி வடசொல்லாக்கி மகிழ்கின்றனர். 'காதலர் நாள்' என்று சொல்ல நாக்கு என்ன மறுக்கிறதா? இது முதற்பிழை. சீனர் செய்யாத பிழை.

இரண்டாம் பிழையை அவர்களும் செய்தனர், நாமும் செய்கிறோம். கோவையைத் 'தென்னாட்டு மான்செசுட்டர்' என்று சொல்லிப் பூரிக்கிறோம். பாளையங்கோட்டையைத் 'தென்னாட்டு ஆக்சுபோர்டு' என்று சொல்லித் தலைநிமிர்கிறோம். பருத்தியைக் கொண்டு உழைத்துயர்ந்த ஊருக்குத் தன் பெயர் போதாதா? நம் பெருமையை அளக்க அடுத்த வீட்டு முழக்கோல்தான் வேண்டுமா? சிலம்பில் காமவேள் கோட்டம் வருகிறது. கலித்தொகையில் வேனிற்கால வில்லவன் விழா வருகிறது. நாளை எவரேனும் அதனைத் 'தமிழரின் வாலண்டைன் நாள்' என்று பெருமையோடு எழுதக்கூடும். அவர் நம்மைப் புகழ்வதாகவே எண்ணுவார். அப்புகழ்ச்சியில்தான் நம் இழப்பு தொடங்கும்.

வருவதற்குத் தமிழிற் பெயரிடுவோம். இருப்பதை அதன் பெயராலேயே வழங்குவோம். முன்னது அறிவு, பின்னது மானம். ஒன்றிருந்து மற்றொன்று இல்லையேல் என்னாகும் என்பதைச் சீசி விழா காட்டிவிட்டது. அடுத்து முகிலில்லா இரவொன்று வாய்க்கும்பொழுது, உங்கள் பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று வானத்தில் முக்கோலைக் காட்டுங்கள். பெயரைச் சொல்லிக் காட்டுங்கள்.