விதியா, விளைவா?

அடிமைத்தனம் முன்வினைப் பயனென்போரை நாம் ஒன்று கேட்கிறோம்: அவ்வினை காவிரி பாயும் தஞ்சையிற் பெருகி, வானம் பார்த்த கொங்கு நாட்டிற் சுருங்கியதேன்? நஞ்செயில் விளைவும் ஆள்வேலையும் மிகுதி. ஆகவே ஏர் பிடியாத மிராசுதார் ஆளையே உடைமையாக்கினார்.

1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமையுரிமையை மறுத்தது; கடனோ மறையவில்லை. பேராக்கிற் கடனடிமை 1884இல் ஒழிந்தது. பின்னர் ரப்பர் ஆள் கேட்டதும், தஞ்சை, திருச்சி ஏழைகளை முன்பணத்தாற் கட்டிக் கங்காணி கொணர்ந்தான். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணியோ 1938இல் இந்திய அரசாங்கம் தடுக்கும்வரை ஓயவில்லை.

ஜெலாப்பாங் தமிழர்களே! நம் பாட்டனைத் தோட்டக் கூலியென்று இகழ்ந்த வாயும், இன்று தரகன் கடனைச் சுமந்துவரும் வங்கதேசத்தாரையும் நேபாளியையும் இகழும் வாயும் வேறல்ல. விலங்கு பூட்டியது விதியன்று. முதலாளியின் இலாபமும் ஏழையின் கடனுமே. ஆள் சேர்க்கும் செலவை முதலாளியே ஏற்கட்டும். அதைக் கேட்கும் முதற்குரல் நம்முடையதாகட்டும்!