கோதுமையை நிறுத்தும் முன் பரிசோதனை செய்யுங்கள்



வயிற்று உப்புசம், அடிக்கடி பேதி, மாத்திரை சாப்பிட்டும் தீராத ரத்தசோகை என்று யாராவது சொன்னால் போதும், "கோதுமையை நிறுத்திப் பார்" என்று சொல்ல வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார். போதாததற்கு யூடியூப். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. செலியாக் நோயாக இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், முதலில் பரிசோதனை. பத்தியம் பிறகு.

கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனதும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்குவதுதான் செலியாக். நான் கரும்பலகையில் விரல் விரலாக வரைந்தேனே, அந்தக் குடலுறிஞ்சிகள் தேய்ந்துபோகும். ரத்தப் பரிசோதனை தேடுவது எதிர்ப்பொருளை. எண்டோஸ்கோப்பியில் எடுக்கும் சதைத் துணுக்கில் தேடுவது அந்தத் தேய்மானத்தை. கோதுமையை நிறுத்தினால் இரண்டும் மெல்ல மறையும். ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை என்று வந்துவிடலாம். மழை விட்டபின் கூரை ஒழுகுகிறதா என்று பார்த்த கதைதான்.

டெல்லியில் இருக்கும் என் அண்ணன் மகள் சப்பாத்தியை விட்டு ஆறு மாதம் ஆகிறது. உடம்பும் தேறிவிட்டது. மறுபடி தினமும் கோதுமை சாப்பிடு, பிறகு சோதிக்கலாம் என்கிறார் டாக்டர். "தேறின பிள்ளையைத் திரும்பப் படுக்க வைக்கணுமா?" என்று அண்ணி கொதிக்கிறார். தாய்க்கு அந்தக் கோபம் வரத்தான் செய்யும். இருந்தாலும் நான் டாக்டர் பக்கம். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல், தினமும் ஒரு வேளைக்கு மேல், குறைந்தது 6 வாரம் சாப்பிடச் சொல்கிறது. கஷ்டம்தான். ஆனால் செலியாக் என்றால் ஆயுளுக்கும் பத்தியம். கல்யாண வீட்டில் அரைப் பூரிகூடக் கூடாது. கூட்டுப் பெருங்காயத்திலேயே பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும்; சாம்பாரையும் விசாரித்துத்தான் ஊற்றிக்கொள்ள வேண்டும். வெறும் சந்தேகத்தை நம்பி இதை எத்தனை வருஷம் கடைப்பிடிப்பாள்? நோய் வேறு என்றால் அதைத் தேட வேண்டாமா?

இதை டாக்டர் இல்லாமல் நீங்களாகச் செய்யாதீர்கள். கோதுமை சாப்பிட்டால் முகம் வீங்கி மூச்சுத் திணறுகிறவர்களுக்கு இருப்பது ஒவ்வாமை. அவர்கள் தொடவே கூடாது. தாங்க முடியாதவர்களுக்கு மரபணுச் சோதனை உண்டு, அதற்குக் கோதுமை சாப்பிடத் தேவையில்லை. அதில் இல்லை என்று வந்தால் செலியாக் அநேகமாக இல்லை. இருக்கிறது என்று வந்தால் அதை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது.

கூடப்பிறந்தவர்களுக்கும் இது வர வாய்ப்பு அதிகம். அவள் தம்பி இப்போதே ரொட்டியை நிறுத்தப் போகிறானாம். "பொறுடா, முதலில் ரத்தம் கொடுத்துவிட்டு வா" என்று நேற்று போனில் சொன்னேன்.