பேர் ஒன்று, ஊர் நூறு

செமஸ்டர் பரீட்சைக்குப் படிக்கும்போதுதான் இந்த மாதிரி யோசனையெல்லாம் வருது, என்ன செய்ய :-)

சேலம் கோட்டை மாரியம்மனுக்கு ஆடியில் திருவிழா. எங்க வெண்ணந்தூருக்குப் பக்கத்துல ராசிபுரம் மாரியம்மனுக்கு ஐப்பசியில். ராசிபுரத்துக்காரங்க சேலத்துக்குப் போய் அனுமதி கேட்கறதில்லை. சாமி பேர் ஒன்று, முன்னாடி ஊர்ப்பேர் வேறு. யாருக்கும் குழப்பமும் இல்லை.

கட்டற்ற மென்பொருள் மாநாடுகளும் இப்படித்தான் பேரைப் பகிர்ந்துக்கணும் என்பது என் கட்சி.

பெங்களூருவில் 2001-ல் 'லினக்ஸ் பெங்களூர்' என்று ஒரு மாநாடு ஆரம்பிச்சாங்க. 2005-ல் அதுக்கு 'ஃபாஸ் டாட் இன்' என்று புதுப் பேர் வந்தது. பெரிய மாநாடு, நல்ல பேர். ஆனால் பேரும் மாநாடும் ஒரே குழுவின் கையில் இருந்தது. 2012-க்குப் பிறகு அவங்க நடத்தலை. பேரும் அதோட நின்னு போச்சு.

பைத்தான்காரங்க கதை வேறு. 'பைகான்' என்பது பைத்தான் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனின் வணிகக்குறி. ஆனாலும் பல நாட்டுக் குழுக்கள் அந்தப் பேரில் நடத்துது. பைகான் இந்தியா 2009-ல் பெங்களூருவில் ஆரம்பிச்சது, 2019-ல் சென்னைக்கு வந்தது, 2023-ல் ஹைதராபாத் போனது. நடத்தற ஊர் மாறினாலும் பேர் நிக்குது.

டெபியன் இன்னும் ஒரு படி மேல. 2023 செப்டம்பரில் உலக மாநாடான டெப்கான்ஃப் கொச்சியில் நடந்தது. அதே வருஷம் ஜனவரியில் நம்ம விழுப்புரத்தில் மினி டெப்கான்ஃப்! விழுப்புரத்துக்கு வந்தது வெண்ணந்தூருக்கு வராதா?

இதில் எனக்கு என்ன அக்கறைன்னு கேட்கலாம். நாலு பசங்க போய் "லினக்ஸ் கூட்டம் நடத்தணும், ஹால் வேணும்" என்று கேட்டால், "நீங்க யாருப்பா?" என்பாங்க. தெரிஞ்ச பேர் கூட இருந்தால் உட்காரச் சொல்லியாவது கேட்பாங்க. சின்ன ஊருக்கு அந்தப் பேர்தான் முதல்.

"எவனோ அதே பேரில் ஆயிரம் ரூபாய் வசூல் பண்ணி, கம்பெனி விளம்பரம் ஓட்டினால்?" நியாயமான பயம்தான். ஒரு ஊர் கெடுத்தால் எல்லா ஊருக்கும் கெட்ட பேர். அதனால் மூணே நிபந்தனை போதும்: ஊர்ப்பேர் கட்டாயம் சேரணும், வரவு செலவை எல்லாருக்கும் காட்டணும், பேச்சுகள் கட்டற்ற மென்பொருள் பற்றியே இருக்கணும். மீறினால் பேரைத் திரும்ப வாங்கிக்கலாம்.

நிரலைப் பகிரலாம் என்கிறவங்க பேரை மட்டும் பூட்டி வைக்கலாமா? நீங்களே சொல்லுங்க.